பதினேழு பை மூணு, கமா

"திரும்பு."

"திரும்பிட்டேன் அக்கா."

"நல்லாத் திரும்புட்டி. கண்ணாடியில பாத்திருவே நீ."

"எந்தக் கண்ணாடியில? இங்க கண்ணாடியே இல்லையே."

"ஷாகுல் மூக்குல இருக்குல்லா, அதுல."

ஷாகுல் ஹமீது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இப்பம் யாரும் ஒண்ணும் பாக்க முடியாது மைனி. நீங்க அடிங்க."

சபுரா ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினாள். கோகிலவாணி சுவரைப் பார்த்து நின்றபடி அந்த டக் டக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தட்டல், ஒரு நிறுத்தம். நிறையத் தட்டல், ஒரு நிறுத்தம். மறுபடியும் தட்டல்.

தாராவி முகுந்த் நகரில் ஒரு சந்துக்குள் இருந்தது சபுராவின் பை கார்கானா. கீழே தையல் மெஷின்கள், பசை மேஜை, ஜிப்புப் பெட்டிகள். அவற்றின் நடுவே, போன வாரம் சுவரில் ஒரு பகுதியை இடித்து உள்ளே இறக்கிய புது வெட்டும் மெஷின் கட்டில் மாதிரி நீண்டு கிடந்தது. ரெக்ஸினை விரித்துப் போட்டால் அதன் கத்தி தானாக ஓடி வெட்டும். என்ன வடிவத்தில் வெட்டவேண்டும் என்பதை மட்டும் அதற்குக் காட்டவேண்டும். வடிவங்களெல்லாம் மேல்தட்டில் இருந்தன. சபுராவின் மகள் அஸ்ரின் அங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைந்து, பக்கத்திலிருந்த ஒரு சின்ன நெட்வொர்க் பெட்டிக்குள் போட்டு வைப்பாள். அந்தப் பெட்டியைக் கீழே இருக்கும் மெஷின் தன்னுடைய அலமாரி போலத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். திறக்கப் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு சபுராவுக்கு மட்டும்தான் தெரியும்; தினம் காலையில் அஸ்ரினுக்கும் அவளேதான் அடித்துத் திறந்துவிடுவாள்.

கோகிலவாணி பக்கத்துச் சந்தில் பிறந்தவள். இப்போது செம்பூரில் இருந்துகொண்டு கடைகளுக்கும் கார்கானாக்களுக்கும் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துத் தருவது அவள் தொழில்.

"திரும்பலாமா அக்கா?"

"இரு. இதை ஒட்டிக்கிடுதேன்."

திரும்பிப் பார்த்தால் மெஷினின் சின்னத் திரையில் வலது பக்கம் ஒரு கறுப்பு ரெக்ஸின் துண்டு டேப் போட்டு ஒட்டியிருந்தது.

"அரே, என்னக்கா இது?"

"பின்ன? காலையில அது கேட்டு நான் அடிச்சேனே, அப்பம் ஒரு புள்ளிகூடத் தெரியல. எவ்வளவு மரியாதை! இங்க என்னடான்னா நான் அடிச்சது அத்தனையும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கி."

"காலைல கையால அடிச்சீங்க, தெறந்துச்சு. ஆனா மெஷின் அணைஞ்சு எந்திரிக்கிற ஒவ்வொரு தடவையும் அது கேக்கும், நீங்க வந்து நிக்கணும். அதனாலதான் அதோட சொந்தக் கோப்புல ஒரு வரியா எழுதி வைக்கிறோம். எந்திரிச்ச உடனே தானே படிச்சுத் தானே திறந்துக்கும்."

"அப்பம் திறக்கச் சொல்லு."

கோகிலவாணி கட்டளை கொடுத்தாள். திரை ஒரு நொடி யோசித்து ஒரு வரியை உமிழ்ந்தது.

"என்ன சொல்லுது?"

"இந்த வரியில ஏதோ ஒண்ணு தனக்குப் புரியலையாம்."

"நான் அடிச்சதா, நீ அடிச்சதா?"

"அதைச் சொல்ல மாட்டேங்குது." கோகிலவாணி ரெக்ஸினுக்கு இடது பக்கம் இருந்த தன் எழுத்துகளை விரல் வைத்துப் படித்தாள். பெட்டியின் பெயர் சரி. அலமாரியின் பெயர் சரி. "அக்கா, நீங்க காலைல அடிச்சதையேதானே அடிச்சீங்க?"

"என் விரலுக்குத் தெரியாதா?"

"பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டாம். எழுத்து, எண்ணு தவிர வேற ஏதாவது அடையாளம் இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

"அதைச் சொன்னாப் பாதி சொன்ன மாதிரிதான்."

"டாக்டர்ட்ட வயித்துவலின்னு சொல்லிட்டு வயித்தைக் காட்ட மாட்டேன்னா எப்படி?"

"நீ டாக்டர் இல்லட்டி. பைப்பு ரிப்பேர்க்காரி. பைப்பைப் பாரு."

ஷாகுல் ஹமீது சிரித்தார். அவர் சபுராவின் கணவருக்குச் சித்தப்பா மகன், கார்கானாவின் வெட்டு மாஸ்டர். மெஷின் வாங்கியே தீரவேண்டும் என்று இரண்டு பெருநாளாக நச்சரித்தவரும் அவர்தான். இத்தனை வருடம் கத்தரி பிடித்த மணிக்கட்டு ராத்திரியெல்லாம் குடைகிறது என்பார். மெஷின் வந்த அன்று அதற்குப் பூ வாங்கிப் போட்டார்.

"மைனி, மத்தியானம் மெயினை இறக்காம வுட்டா இந்தத் தொல்லையே இல்லையே. மெஷின் அணையவே அணையாது. ஒரு தடவை அடிச்சா அடிச்சதுதான்."

"இறக்காம வுட்டா? பூதத்தான் விரலை மறந்துட்டியா?"

ஷாகுல் ஹமீது தையல் மெஷினில் இருந்த பூதத்தானைத் திரும்பிப் பார்த்தார். கார்கானாவில் எல்லாருக்கும் பை கணக்கில் கூலி. முன்பெல்லாம் சாப்பாட்டு நேரத்திலும் ஒரு கையில் சோற்று உருண்டையும் மறு கையில் பையுமாகத் தைப்பார்கள். அப்படித் தைத்தபோதுதான் பூதத்தானின் விரலில் ஊசி இறங்கி எலும்பைத் தொட்டது. மறுநாளிலிருந்து மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டதும் சபுரா மெயின் சுவிட்சை இறக்கிவிடுவாள். தொழுகிறவர்கள் பள்ளிக்குப் போவார்கள், மற்றவர்கள் டப்பாவைத் திறப்பார்கள். அவளே மறுபடியும் ஏற்றும்வரை ஒரு ஊசியும் அசையாது. தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் நின்ற நாளிலும் அது மாறியதில்லை.

"சரிக்கா," என்றாள் கோகிலவாணி. "அப்ப இன்னொரு வழி இருக்கு. பெட்டியோட பாஸ்வேர்டை மாத்திருவோம். வெறும் எழுத்தா, சிம்பிளா. மெஷின் கம்பெனிக்காரரும் அதைத்தான் போன்ல சொன்னாரு."

"என்னன்னு சொன்னான்?"

"ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு வைக்கலாம்னு."

"பூட்டை வாங்கிச் சாவியை அதுலயே தொங்க வுடச் சொல்லுதான்."

"அப்ப ஏதாவது ஒரு பேரு. அஸ்ரின் பேரு."

"வேண்டாம்."

"ஒரு பாஸ்வேர்டுதானே அக்கா..."

"கோகிலா." சபுராவின் குரல் தாழ்ந்தது. "ஊரு ஒலகத்துக்கு எழுதிக் குடுத்ததையெல்லாம் அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி மாத்தி மாத்தித்தான் எழுதியிருக்கேன். இது ஒண்ணு நான் எனக்குன்னு எழுதினது. இது மாறாது. வேற வழி பாரு."

கோகிலவாணி மணியைப் பார்த்தாள். மத்தியானத்துக்கு வெங்கடராமன் வந்துவிடுவார்.

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் ஆபீஸ் வைத்துக்கொண்டு கம்பெனிகளுக்கும் பேங்குகளுக்கும் அன்பளிப்புச் சாமான் செய்து கொடுக்கிறவர் வெங்கடராமன். ஒரு பேங்கின் மாநாட்டுக்கு லேப்டாப் பைகள். அந்த ஆர்டர் கிடைத்தால் மழைக்காலம் முழுக்கக் கார்கானா ஓடும். கிடைக்காவிட்டால் ஜூன் பிறந்ததும் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பவேண்டியதுதான். சாம்பிள் பையைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துப்போனது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். போன வருடம் வேறொரு இடத்தில் யாரோ பென் டிரைவில் பழைய வடிவத்தைக் கொண்டுபோய் வெட்டிவிட, வந்த பைகள் ஒன்றிலும் லேப்டாப் நுழையவில்லை. "பென் டிரைவ் கூடாது, நடுவுல ஆள் கை படக்கூடாது. வடிவம் ஒரே இடத்துல இருக்கணும், மெஷின் அதை அங்கேருந்து தானே எடுத்துக்கணும். என் கண்ணால பார்த்தாத்தான் ஆர்டர்," என்று சொல்லியிருந்தார்.

"மைனி, நான் சயானுக்குக் கெளம்பட்டா?" என்றார் ஷாகுல் ஹமீது. "ஸ்டேஷன்ல நின்னு கூட்டிட்டு வரணும்லா."

"இன்னும் நேரம் இருக்கு."

அப்போது சபுராவின் போன் அடித்தது. தையல் மெஷின்களின் இரைச்சலில் கேட்காது என்று அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவாள்.

"சபுரா மேடமா? வெங்கடராமன் பேசறேன். சயானுக்கு வந்துட்டேன்."

சபுராவின் முதுகு நிமிர்ந்தது. குரலும் மாறியது. ஷாகுல் ஹமீது அதற்குச் சயான் குரல் என்று பெயர் வைத்திருந்தார். "சொல்லுங்க சார். சீக்கிரமே வந்துட்டீங்களே."

"ஒரு மீட்டிங் கேன்சல் ஆயிடுத்து. உங்க கார்டுல போட்டிருக்கிற எடத்துலதான் நிக்கறேன். ஸ்டேஷன் ரோடு, ரெண்டாவது மாடி. மேலே ஏறி வந்தா இங்க பல் டாக்டர்னா உக்காந்திருக்கார்! வாயைத் தெறங்கோங்கறார்."

ஷாகுல் ஹமீது இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த இரண்டாவது மாடி, தெரிந்த ஒருவரின் இடம். கடிதம் வந்தால் வாங்கி வைப்பார். இடத்தை அவர் விற்றுவிட்டுப் போனது தெரியும். கார்டு மட்டும் மாறவில்லை. தாராவி என்று போட்டால் போனை எடுக்காத காலத்தில் அச்சடித்த கார்டு. அதற்குப் பிறகு எந்த ஆர்டர்காரரையும் கார்கானாவுக்குள் அழைத்து வந்ததில்லை. மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் உட்காரவைத்து, தோசை வாங்கிக் கொடுத்து, சாம்பிளைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். இன்று மெஷினையே பார்க்கவேண்டும் என்கிறவரை ஓட்டலில் உட்காரவைக்க முடியாது.

"மைனி," ஷாகுல் ஹமீது கிசுகிசுத்தார். "அங்கனயே நிக்கச் சொல்லுங்க. ஓடிப் போயி கூட்டிட்டு வாரேன். ரெண்டு சந்து சுத்தி, பின்பக்கமா வந்தா எந்த ஏரியான்னே தெரியாது."

"மேடம், கேக்கறதா? எனக்குச் சுத்தி வளைக்காம சொல்லுங்கோ. சயான்ல இருக்கேளா, இல்லையா? இல்லேன்னா நான் தாணேக்குக் கெளம்பறேன். அங்கயும் ஒருத்தர் மெஷின் போட்டிருக்கார்."

சபுரா போனைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினைப் பார்த்தாள். அதை உள்ளே இறக்க இடித்துப் பூசிய சுவர் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது.

"சயான்ல இல்ல சார். நாங்க தாராவியில இருக்கோம்."

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"தாராவியா?"

"ஆமா சார். தொடங்கின நாள்ல இருந்து இங்கதான். உங்க தோள்ல இப்பம் தொங்குதே சாம்பிள் பை, அதுவும் இங்க தச்சதுதான். தையலைப் பாத்துக்கிடுங்க."

போனில் வண்டிகளின் ஹாரன் மட்டும் கேட்டது. மேல்தட்டிலிருந்து அஸ்ரினின் தலை எட்டிப் பார்த்தது.

"தையல் நன்னாத்தான் இருக்கு," என்றார் வெங்கடராமன். "அட்ரஸ் சொல்லுங்கோ. டிரைவர் மொபைல்ல அடிக்கணும். மெதுவா, ஒண்ணொண்ணா."

சபுரா ஒரு கையால் போனைப் பிடித்தபடி மறு கையை ரெக்ஸின் மேஜைமேல் வைத்தாள். சயான் குரல் போய்விட்டது. அவளுடைய சொந்தக் குரலில், பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லும் பிள்ளை மாதிரி உரக்கச் சொன்னாள்.

"பதினேழு பை மூணு. கமா."

"கமா. ம்."

"முகுந்த் நகர். கமா."

"சரி."

"தாராவி."

கோகிலவாணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த கையைத்தான் பார்த்தாள். சபுராவின் விரல் சொல்லுக்குச் சொல் ரெக்ஸினில் தட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தட்டல், கமா என்றதும் விரல் கீழே இறங்கி ஒரு குத்து. நிறையத் தட்டல், மறுபடி கீழே ஒரு குத்து. சுவரைப் பார்த்து நின்றபோது காதில் விழுந்த அதே சத்தம்.

போன் வைக்கப்பட்டது.

"வாராரு," என்றாள் சபுரா. முகத்தை முந்தானையால் துடைத்தாள். "ஏன் எல்லாரும் நின்னுட்டீங்க? தைங்க."

"அக்கா."

"என்ன?"

"இதுதானே அது?"

"எது?"

"பெட்டியைத் திறக்கிறது."

சபுரா மெஷினிடம் போய்த் திரையில் ஒட்டியிருந்த ரெக்ஸின் துண்டை டேப்போடு உரித்து எடுத்தாள்.

ஷாகுல் ஹமீது சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "யா அல்லா. நம்ம கார்கானா அட்ரஸையா மைனி பாஸ்வேர்டா வச்சீங்க?"

"வேற எங்க எழுத? பிள்ளை ஸ்கூல்ல சயான். கொரியர்காரன்கிட்ட சயான். கல்யாணப் பத்திரிகையில சயான். தபாலெல்லாம் பல்லு டாக்டர் வீட்டுக்குப் போகுது. இந்தப் பெட்டி ஒண்ணுதான் நான் எங்க இருக்கேன்னு கேட்டுட்டு உள்ள வுட்டுச்சு. தினம் காலையில அதை அடிக்கும்போது எனக்கு ஒரு... நல்லா இருக்கும்ப்பா."

கோகிலவாணி ஏற்கெனவே விசைப்பலகைமேல் குனிந்திருந்தாள். "அக்கா, உங்க பாஸ்வேர்டுல ஒரு தப்பும் இல்ல. நான் எழுதச் சொன்ன எடம்தான் தப்பு."

"எப்படி?"

"இந்த வரியில கமாதான் வேலி. யூசர் பேரு, கமா, பாஸ்வேர்டு, கமா, அடுத்த சங்கதி. அப்படித்தான் அது படிக்கும். நீங்க பதினேழு பை மூணு போட்டுக் கமா வச்சீங்களா, பாஸ்வேர்டு அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கிச்சு. அடுத்து முகுந்த் நகர். அது என்ன கட்டளைன்னு புரியாம முழிச்சு நின்னுச்சு. கையால அடிக்கும்போது வேலி கிடையாது. நீங்க என்டரைத் தட்டுற வரைக்கும் எல்லாமே பாஸ்வேர்டுதான். அதான் காலைல திறந்துச்சு."

"அப்பம் கமாவை எடுக்கணுமா?"

"எடுக்க வேண்டாம்."

"எடுக்கவும் மாட்டேன். அட்ரஸுல கமா போடாம எழுதினா கொரியர்காரன்கூடப் படிக்க மாட்டான்."

"எடுக்க வேண்டாம்னுதானே சொல்றேன். தனியா ஒரு சின்னக் கோப்பு போடுவோம். அதுல ஒரு வரிக்கு ஒரு சங்கதி. முதல் வரி பேரு, அடுத்த வரி பாஸ்வேர்டு. வரி முடியிற வரைக்கும் எது வந்தாலும் அப்படியே எடுத்துக்கும், கமாவா இருந்தாலும் சரி, கோடா இருந்தாலும் சரி. பெரிய வரியில, சாவி அந்தக் கோப்புல இருக்குன்னு மட்டும் எழுதிடலாம். அந்தக் கோப்பை மெஷினோட தலைமைக் கணக்கு தவிர வேற யாரும் திறக்க முடியாத மாதிரி பூட்டிருவேன். ரெக்ஸின் ஒட்ட வேண்டாம்."

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்லா?"

"செஞ்சிருக்கணும். அவசரத்துல ஒரே வரியில முடிச்சிரலாம்னு நினைச்சேன். நீங்க சுவரைப் பாத்து நிக்க வச்சீங்கல்லா, அதான் மூளையும் அந்தப் பக்கம் திரும்பிருச்சு."

"வாயைப் பாரு. திரும்பு. நான் அடிக்குதேன்."

"இப்ப எதுக்குக்கா? இந்தச் சந்துக்கே கேக்கச் சொன்னீங்களே."

சபுராவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் அவள்தான் அடித்தாள். கோகிலவாணி கட்டளை கொடுத்தாள். இந்தத் தடவை திரை எதையும் உமிழவில்லை. அஸ்ரின் வரைந்து வைத்த வடிவங்கள் வரிசையாக வந்து நின்றன.

"உம்மா, பன் கயா?" மேலேயிருந்து அஸ்ரின் கத்தினாள்.

"ஆச்சு!"

"இன்னும் முழுசா ஆகல," என்றாள் கோகிலவாணி. "மெஷினை முழுசா அணைச்சு எழுப்பிப் பாக்கணும். அது தானா எந்திரிச்சுத் தானா திறந்தாத்தான்..."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வெங்கடராமன் குனிந்து உள்ளே வந்தார். நெற்றியில் வேர்வை, தோளில் சாம்பிள் பை.

"எங்காத்துலேருந்து இது நடந்து வர்ற தூரம்! மாட்டுங்காவுல இருந்துண்டு சயானைச் சுத்திண்டு வந்திருக்கேன். நல்ல ஆள் நீங்க."

"மன்னிச்சுக்கிடுங்க சார். உக்காருங்க."

"அந்தக் கார்டு எதுக்கு அப்படி?"

"அப்பம் தாராவின்னா யாரும் வர மாட்டாங்க சார்."

"இப்போ?"

"இப்பம் நீங்க வந்து உக்காந்திருக்கீங்கல்லா."

வெங்கடராமன் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போய் மெஷினைச் சுற்றிப் பார்த்தார். ஷாகுல் ஹமீது தன் பேரப்பிள்ளையைக் காட்டுகிறவர் போல ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் காட்டினார். கத்தி எங்கே, காற்றை இழுத்து ரெக்ஸினைப் பிடித்துக்கொள்ளும் துளைகள் எங்கே. ரெக்ஸினை விரித்துக்கொண்டிருக்கும்போதே பள்ளியிலிருந்து பாங்கு கேட்டது.

கோகிலவாணி சபுராவின் கையைப் பிடித்தாள். "அக்கா, இன்னிக்கு ஒரு நாள் மெயினை இறக்க வேண்டாம். இப்ப திறந்து ரெடியா இருக்கு. அவர் முன்னாடி வெட்டிக் காட்டிருவோம். அணைச்சு எழுப்பி நான் இன்னும் பாக்கல."

"வேலை சரியாச் செஞ்சிருக்கியா?"

"செஞ்சிருக்கேன்."

"பின்ன என்ன?"

"இன்னிக்கு வேண்டாமே அக்கா."

சபுரா கையை விடுவித்துக்கொண்டு சுவரோரம் போனாள். "சார், இந்த நேரத்துல எங்க கார்கானா ஓடாது. ஆளுங்க தொழுதுட்டுச் சாப்பிட்டு வரட்டும். நீங்க ஒரு சாயா குடிங்க." மெயினை இறக்கினாள்.

விளக்குகள், மின்விசிறிகள், தையல் மெஷின்கள், வெட்டும் மெஷினின் திரை எல்லாம் ஒன்றாக அணைந்தன. வெங்கடராமன் இருட்டில் கண்ணைச் சிமிட்டினார்.

"கரண்ட் போயிடுத்தா?"

"போகல சார். நான் அனுப்பினேன்."

"தினமும் இப்படியா?"

"தினமும்."

"ஆர்டர் அவசரமா இருந்தா?"

"அவசரத்துலதான் விரல் போகும் சார்."

சந்துக் கடையிலிருந்து அரை கிளாஸ் கட்டிங் சாயா வந்தது. பை தைப்பவர்கள் வாசல் வெளிச்சத்தில் டப்பாக்களைத் திறந்தார்கள். ஊறுகாய் வாசனை பரவியது. வெங்கடராமன் சாயாவைக் குடித்துக்கொண்டே சாம்பிள் பையைத் திறந்து திறந்து பார்த்தார்.

"இந்த முன்பக்கப் பாக்கெட்டுல சார்ஜர் இறுக்கமா இருக்கு. கொஞ்சம் அகலம் வேணும். இன்னிக்குச் சொன்னா எப்போ மாத்துவேள்?"

"அஸ்ரின்! கேட்டியா?"

"கேட்டேன் உம்மா. லேப்டாப்புல பேட்டரி இருக்கு. கர் ரஹீ ஹூன், இப்பமே மாத்துதேன்."

"பெட்டி?" சபுரா கோகிலவாணியைப் பார்த்தாள்.

"பெட்டிக்கும் தனிப் பேட்டரி வச்சிருக்கேன். மெயினை இறக்கினாலும் அது அணையாது."

மேலே விசைப்பலகைச் சத்தம் கேட்டது. தொழுகைக்குப் போனவர்கள் திரும்பினார்கள். பூதத்தான் கை கழுவிக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். எல்லாரும் சுவிட்சைப் பார்த்தார்கள். கோகிலவாணி மட்டும் மெஷின் திரையைப் பார்த்தாள்.

சபுரா மெயினை ஏற்றினாள்.

மின்விசிறிகள் முதலில் சுற்றின. வெட்டும் மெஷின் ஒரு பீப் போட்டது. திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஏறின, நின்றன, மறுபடி ஏறின. யாரும் அதன் பக்கத்தில் போகவில்லை. கடைசியில் வடிவங்களின் வரிசை வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, இப்போதுதான் மாற்றிய பாக்கெட்.

"யாரு திறந்தா?" என்று கேட்டார் வெங்கடராமன்.

"அதுவே திறந்துக்கிச்சு சார்," என்றாள் கோகிலவாணி.

ஷாகுல் ஹமீது பொத்தானை அழுத்தினார். கத்தி இறங்கி ரெக்ஸின்மேல் ஓடியது. பாக்கெட் துண்டை அவர் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். வெங்கடராமன் பையிலிருந்து சார்ஜரை எடுத்து அதன்மேல் வைத்தார், துண்டை மடித்துப் பார்த்தார்.

"நாளைக்கு ஆர்டர் அனுப்பறேன்," என்றார். "என்ன அட்ரஸ் போடச் சொல்றேள்?"

"உங்க டிரைவர் மொபைல்ல இருக்கே சார். அதையே போடுங்க."

அவர் போனபிறகு பூதத்தான் விசில் அடித்துக்கொண்டே தன் மெஷினில் தைக்கத் தொடங்கினான். ஷாகுல் ஹமீது மேஜை இழுப்பறையைத் திறந்து மிச்சமிருந்த பழைய கார்டுக் கட்டை வெளியே எடுத்தார்.

"இதைக் குப்பையில போட்டுரட்டா மைனி?"

"போடு. புதுசு அடிக்கக் குடு. பதினேழு பை மூணுன்னு பெரிசாப் போடச் சொல்லு. இரு, ஒரே ஒரு கார்டை இங்க குடு."

"அக்கா," கோகிலவாணி பையை மாட்டிக்கொண்டு நின்றாள். "ஒண்ணு சொன்னாத் திட்டக் கூடாது. உங்க பாஸ்வேர்டு இப்ப இந்தச் சந்துக்குத் தெரியும், அந்த டிரைவருக்குத் தெரியும், நாளைக்குக் கார்டுல வேற வரப்போகுது. இப்ப மாத்தித்தான் ஆகணும்."

அவள் திட்டுக்குத் தயாராக நின்றாள். சபுரா திட்டவில்லை. கையிலிருந்த சயான் கார்டைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, ஒருமுறை படித்தாள். பிறகு அதைப் பார்த்து அடிக்க வசதியாகத் திரையோரம் சாய்த்து வைத்தாள்.

"ஆமா, மாத்தணும்தான். திரும்பு."

"திரும்பிட்டேன்."

"ஷாகுல், கண்ணாடி."

"கழட்டிட்டேன் மைனி."

ஒற்றை விரல் தட்டத் தொடங்கியது. கோகிலவாணி சுவரைப் பார்த்து நின்றாள். கொஞ்சம் தட்டல், ஒரு நிறுத்தம், கீழே ஒரு குத்து. நிறையத் தட்டல், மறுபடி ஒரு குத்து. இந்தத் தடவை முன்னதைவிட நீளமாக இருந்தது.

"முடிஞ்சுதாக்கா? திரும்பலாமா?"

"இருட்டி," என்றாள் சபுரா. "இன்னும் பின்கோடு இருக்கு."